பெனடிக்ட் உடைத்த தேங்காய்

பெனடிக்ட் என் தங்கை ஷாலினி மேரியின் புருஷன். நான் சின்னப்பராஜ், பாடாலூரில் ரோட்டோரமாக ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம், மாதா கோயில் தேர் என்று இந்தப் பக்கத்தில் தொங்கும் பேனரில் பாதி என் கடையில் பிறந்ததுதான். எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுப்பேன். அதில் இருப்பது உண்மையா பொய்யா என்று பார்ப்பதில்லை. பார்க்க ஆரம்பித்தால் கடையைச் சாத்திவிட்டுப் போகவேண்டியதுதான். ஆனால் என் மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் எனக்கு மனசு ஆறவே இல்லை. யாரிடமாவது கொட்டினால்தான் உண்டு.

அவன் வரதராஜன்பேட்டைக்காரன், முந்திரிக் காட்டுக்குள் வளர்ந்தவன். கல்லூரியில் நிலவியல் படித்தான். அந்தப் படிப்புக்கு வேலை தேடினால், சிமெண்டுக்குச் சுண்ணாம்புக் கல் தோண்டுகிற இடத்துக்குப் போ என்றார்கள். கொஞ்ச நாள் போனான், பிடிக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக அறிவியல் வாத்தியாராகச் சேர்ந்தான். தற்காலிகம் என்றால் தலை நரைக்கிற வரைக்கும் தற்காலிகம். அந்தச் சம்பளத்தில் என் தங்கச்சி குடும்பம் நடத்தியதைத்தான் மாதா கோயிலில் அற்புதம் என்று வாசிக்கவேண்டும். அதை விடுங்கள். சனிக்கிழமை ஆனால் பிள்ளைகளை ஓடைக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். எங்கள் பக்கத்து ஓடைக்காட்டில் கால் வைத்த இடமெல்லாம் கல்லாகிப் போன கிளிஞ்சலும் நத்தையும் கிடக்கும். ஆடு மேய்க்கிறவன் மிதித்துக்கொண்டு போவான். இவன் குனிந்து எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, பத்துக் கோடி வருஷத்துக் கதையை நேற்று பஸ் ஸ்டாண்டில் நடந்தது போலச் சொல்லுவான். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் கல்லு சார்.

அவனிடம் ஒரு குணம் உண்டு. தெரிந்தால் சொல்லுவான், தெரியாவிட்டால் தெரியாது என்பான், இல்லாததை இல்லை என்பான். இதிலென்ன பெருமை என்று கேட்பீர்கள். ஊரில் இப்படி ஓர் ஆளைத் தேடிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பது, கிட்னிக் கல்லுக்கு எந்த ஆஸ்பத்திரி, மச்சுக்குப் போடுகிற கம்பி எது நல்லது, எல்லாவற்றுக்கும் அவனிடம்தான் வருவார்கள். தெருவில் பத்தடி நடந்தால் இரண்டு பேர் நிறுத்திக் கேட்பார்கள். அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம். முகம் வெளுத்துப் போய் வீட்டுக்குள் வருகிறவன், வாசலில் யாராவது காத்திருந்தால் உடனே தெளிந்துவிடுவான் என்று ஷாலினி சொல்லுவாள்.

இப்படி இருந்தவனுக்குத்தான் அந்த வேலை வந்தது. பாடாலூருக்குக் கிழக்கே உள்ளடங்கின ஊர் களர்மேடு. மழை பெய்தால் மக்காச்சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் திருப்பூருக்குப் பஸ் ஏறவேண்டியதுதான். அந்த ஊருக்கு வெளியே, புறம்போக்கு நிலத்தில், மத்திய அரசு விஞ்ஞானிகள் ஆழமாக ஒரு துளை போட வந்தார்கள். துளைக்கிற இடத்திலிருந்து கல்லைத் தண்டு தண்டாக, மூங்கில் கனத்தில், உடையாமல் வெளியே எடுப்பார்கள். வரிசையாகப் பெட்டியில் அடுக்குவார்கள். மேலே இருப்பது பிந்திய காலம், கீழே போகப் போக முந்திய காலம். இந்த நிலம் கடலாக இருந்த கதை முழுக்க அந்தத் தண்டில் இருக்கிறதாம். செலவோ மலைபோலச் செலவு. தலைமை விஞ்ஞானி டாக்டர் லாவண்யா, நாற்பது வயதிருக்கும், வெயிலில் தொப்பிகூடப் போடாமல் நிற்கிற அம்மா. ஊர்க்காரர்களிடம் பேச ஓர் ஆள் வேண்டும் என்று பெனடிக்ட்டை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அவன் என் கடைக்கு வந்த முகத்தை நான் மறக்க முடியாது. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பல் தெரிந்ததில்லை. காசுக்காக இல்லை. பூமியைத் திறந்து பார்க்கிற இடத்தில் தனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஊர்க் கூட்டம் போட்டார்கள். தண்ணி வருமா, எண்ணெய் எடுக்கப் போறீங்களா, எங்களுக்கு வேலை உண்டா என்று ஊர் கேட்டது. எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் துளைக்கிறோம் என்று இவனும் லாவண்யாவும் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தாலும் யாரும் மறிக்கவில்லை. புறம்போக்கை ஒட்டி நிலம் வைத்திருக்கிற நல்லுசாமி, மெஷினைக் கொண்டுவரத் தன் வயலோரத்தில் வழிகூட விட்டார். ஐம்பத்தைந்து வயது மனுஷன், அதிகம் பேசமாட்டார். அவர் மனைவி கிருஷ்ணம்மாள் இரண்டு கறவை மாடு வைத்திருந்தாள். துளைக்கிறவர்களுக்கு டீ போட அவள் வீட்டுப் பால்தான் போனது.

துளை பாதி ஆழம் போயிருக்கும்போது மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. இத்தனை செலவு பண்ணி ஓட்டை போடுகிறீர்களே, ஜனங்களுக்கு என்ன பலன்? நியாயமான கேள்விதான். என் வரிப்பணமும் அதில் கிடக்கிறது, நானே அவனிடம் ஒருநாள் கேட்டிருக்கிறேன். அரைமணி நேரம் சொன்னான். பாதி புரிந்தது, ஆனாலும் கேட்டு முடித்தபோது நாம் நிற்கிற தரை கொஞ்சம் பெரிசாகிவிட்டதுபோல எனக்கே இருந்தது. மேலிடத்தில் அரைமணி நேரம் யார் காது கொடுப்பார்கள்? அவர்களுக்கு ஒரு வரி வேண்டும். அந்த ஒரு வரியைச் செய்து தருவதற்கென்று சென்னையிலிருந்து ஒரு ஆலோசனைக் கம்பெனி வந்து இறங்கியது. டில்லியிலிருந்து ஒரு ஆய்வுக் குழு நேரில் வந்து பார்க்கும், அதற்குத் திருப்தி இல்லாவிட்டால் பாதியிலேயே மெஷினைக் கழற்றிவிடுவார்கள் என்று பேச்சு.

கம்பெனியின் ஆள் பெயர் அருள் பிரகாஷ். முப்பது வயது, நல்ல பிள்ளை. யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டான், என் கடைப் பையனைக்கூட பிரதர் என்றுதான் கூப்பிட்டான். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், அதற்கும் வழியில்லை. பெரம்பலூரில் ஒரு லாட்ஜ் ஹாலில் இவர்களையெல்லாம் உட்காரவைத்து இரண்டு நாள் பாடம் நடத்தினான். ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்கள் இல்லையாம், ஸ்டேக்ஹோல்டர்களாம். கல்லில் என்ன தெரிந்தது என்பது முக்கியமில்லையாம், இம்பாக்ட் என்ன என்பதுதான் முக்கியமாம். நேரேட்டிவ் பாசிட்டிவாக இருக்கவேண்டுமாம். முக்கியமாக ஒன்று சொல்லிக்கொடுத்தான். ஊரில் யார் எதைக் கேட்டாலும் இல்லை என்றோ தெரியாது என்றோ சொல்லக்கூடாது. வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லவேண்டும். பெனடிக்ட்டுக்கு கம்யூனிட்டி எங்கேஜ்மென்ட் லீட் என்று பதவி கொடுத்து, கழுத்தில் அட்டை மாட்டி அனுப்பிவைத்தார்கள்.

முதலில் எங்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. சாம்பாரில் உப்பு கூடினால் உன் மாப்பிள்ளை பீட்பேக் இருக்கு என்கிறார் அண்ணா என்று ஷாலினி போனில் சொல்லிச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்து, இன்றைய பிரசங்கத்தில் டேக்அவே என்ன மச்சான் என்று என்னிடம் கேட்டான். போடா கர்மம் பிடித்தவனே என்றேன். போகப் போகச் சிரிப்பு குறைந்தது. ஒன்று கேட்டால் நேராகப் பதில் வராமல் ஊரைச் சுற்றி வர ஆரம்பித்தது. அவனே கவனிக்கிறானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு பேனர் அடிக்க வந்தான். ஆய்வுக் குழு வருகிற வழியில் வைக்க. முதலில் அவன் கைப்பட எழுதி வைத்திருந்தது இதுதான்: இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது, அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்று தெரிந்துகொள்ளத் துளைக்கிறோம். எனக்குப் பிடித்திருந்தது. பெரிய எழுத்தில் போட்டுக் காட்டினேன். மறுநாள் அருள் பிரகாஷ் போனில் வேறொன்று அனுப்பினான்: ஆழத்தில் தேடுகிறோம், உங்கள் நாளைய நீர்வளத்துக்காக. பக்கத்தில் நீலச் சொட்டு ஒன்று, அதற்குக் கீழே பச்சைப் பசேலென்று வயல்.

ஏன்டா, களர்மேட்டில் தண்ணி இல்லை என்று நீதானே சொன்னாய் என்று கேட்டேன். அடியில் இருப்பது முழுக்கக் கடல் களிமண், இருக்கிற சொற்ப ஈரமும் உப்பு என்று அவன்தான் எனக்கு விளக்கியிருந்தான். பாறை அடுக்குகளைப் படிப்பது எதிர்காலத்தில் எங்காவது நிலத்தடி நீரைப் புரிந்துகொள்ள உதவலாம் என்று திட்டத்தின் நோக்கங்களில் ஒரு மூலையில் இருக்கிறதாம், அதை இழுத்து முன்னால் கொண்டுவந்திருக்கிறார்களாம். மேடம் சம்மதிச்சுட்டாங்க மச்சான் என்றான். லாவண்யாவுக்கும் வேறு வழி இல்லை. அந்த அம்மா பதினைந்து வருஷம் இந்தத் துளைக்காக அலைந்திருக்கிறார். பாதியில் மூடினால் இன்னொரு தடவை யாரும் திறக்கப்போவதில்லை. பொய்யாக ஒன்றும் எழுதவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். நானும் பேனரை அடித்துக் கொடுத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த மாதிரி துளைக்கும்போது மெஷினுக்குள் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சூடேறி முனை வெந்துவிடும். அந்தத் தண்ணீர் உள்ளே போய்ச் சுற்றிவிட்டுச் சேறாகக் குழாய் வழியே வெளியே கொட்டும். லாரித் தண்ணீர் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து பின்வாசலில் வந்து தொட்டியில் இறங்கும், அது ஊருக்குத் தெரியாது. ஊர்ப் பக்கம் இருப்பது கொட்டுகிற குழாய். காலையிலும் தண்ணீர், மாலையிலும் தண்ணீர். களர்மேட்டுக்காரன் ஆயுசில் பார்க்காத தண்ணீர் பூமிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஆரம்பத்தில் பெனடிக்ட் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இது நாங்கள் விட்ட தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெரம்பலூர்ப் பாடத்துக்குப் பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டான். அப்புறம் வேலியில் நீலச் சொட்டுப் பேனரும் தொங்கியது. சர்க்காரே தண்ணி கண்டுபிடித்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டியதில் என்ன ஆச்சரியம்?

நல்லுசாமிக்கு ஒரே ஒரு ஆசை. சின்ன வெங்காயம் போடவேண்டும். பெரம்பலூர் பக்கத்தில் வெங்காயம் போட்டவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள், தண்ணீர் இல்லாமல் தன்னால் முடியவில்லை என்று வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தவர். வேலியை ஒட்டித் தன் நிலத்தில் போர் போடுவது என்று முடிவெடுத்தார். அதற்காகக் கிருஷ்ணம்மாளின் இரண்டு மாட்டையும் விற்பது என்று பேச்சு. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் கல்லு சாரைக் கேட்போம், அவர் சொன்னால் சரி என்று இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

நல்லுசாமி சைட்டுக்கு வந்து கேட்டபோது பெனடிக்ட் பக்கத்தில் அருள் பிரகாஷ் நின்றுகொண்டிருந்தான். ஆய்வுக் குழு வர ஒரு வாரம்தான் பாக்கி. மனுஷன் செருப்பைக் கழற்றிவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டிருக்கிறார்.

“சார், போர் போட்டா தண்ணி வருங்களா?”

இல்லை என்கிற ஒரு சொல் போதும். அதைச் சொல்ல என் மாப்பிள்ளைக்கு வாய் வரவில்லை.

“வாய்ப்பு இருக்குண்ணே” என்றான்.

நல்லுசாமி கும்பிட்டுவிட்டுப் போனார். சூப்பர் சார், இதுதான் லோக்கல் ஓனர்ஷிப் என்று அருள் பிரகாஷ் தோளைத் தட்டினானாம். அன்று சாயங்காலமே பெனடிக்ட் என் கடைக்கு வந்துவிட்டான். ஃப்ளெக்ஸ் சுருள்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலை மேஜையில் போட்டேன். இப்பவே கிளம்பு, நான் வண்டி எடுக்கிறேன், போய் அந்த மனுஷனிடம் சொல்லிவிட்டு வருவோம் என்றேன். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். இப்போது சொன்னால் ஊரே பேசும், பேனர் பொய் என்று ஆகும், குழு வரும்போது யாராவது வாயைத் திறந்தால் மெஷினைக் கழற்றிவிடுவார்கள் என்றான். இன்னும் கொஞ்ச ஆழத்தில் ஒரு கறுப்பு அடுக்கு வரவேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடும், அது வருகிற நேரத்தில் கெடுத்துவிட்டேன் என்று இருக்கக்கூடாது மச்சான் என்று கெஞ்சினான். குழு போன அன்றே சொல்லிவிடுகிறேன், போர் வண்டி வர இன்னும் பத்துப் பதினைந்து நாள் ஆகும், அதற்குள் மாடு எங்கேயும் போய்விடாது என்று மாதா மேல் சத்தியம் பண்ணினான். நான் விட்டுவிட்டேன். அவன் கணக்கும் தப்பாகத் தெரியவில்லை.

ஆனால் நல்லுசாமி போகிற வழியில், மாட்டை விற்றுப் போர் போடப்போகிறேன் என்று அருள் பிரகாஷிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இந்தப் பையன் அதைப் பிடித்துக்கொண்டான். குழு வருகிற அன்றைக்கே பூஜை போட்டு ஆரம்பித்தால் அவர்கள் கண்ணால் பார்ப்பார்களே என்று, தானே அங்கே இங்கே போன் பண்ணி போர் வண்டியை முன்கூட்டியே வரவழைத்துவிட்டான். நல்ல மனசோடுதான் செய்திருக்கிறான், களிமண்ணா பாறையா என்று அவனுக்கு என்ன தெரியும்? பெனடிக்ட்டிடம் யாரும் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நல்லுசாமியே சொல்லவேண்டாம் என்றாராம். மாடு இரண்டும் செவ்வாய்ச் சந்தைக்குப் போய்விட்டன.

குழு வந்த காலையில் பேனர் கட்ட நானும் களர்மேட்டில் இருந்தேன். போர் வண்டி நல்லுசாமி நிலத்தில் நிற்பதைப் பார்த்ததும் பேனர்க் கயிற்றை அப்படியே விட்டுவிட்டேன். பெனடிக்ட் வெள்ளைச் சட்டையில் குழுவோடு நடந்து வந்தான். வண்டியைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

எங்கள் பக்கத்தில் போர் போட்டால், யார் வாக்கை நம்பி இடம் குறித்தார்களோ அவர் கையால்தான் தேங்காய் உடைக்கவேண்டும். வழக்கமாக நீரோட்டம் பார்த்துச் சொல்கிற ஆள் உடைப்பார். நல்லுசாமி இந்தத் தடவை அப்படி யாரையும் கூப்பிடவில்லை. இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் ஏற்றி, தேங்காயைத் தாம்பாளத்தில் வைத்து நேராகப் பெனடிக்ட்டிடம் நீட்டினார். வேதக்காரர்தான், இருந்தாலும் வாக்குக் குடுத்தவரு அவருதானே என்று சுற்றி நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டார். கிருஷ்ணம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் நின்றாள். டில்லியிலிருந்து வந்த பெரியவர்கள் புன்னகையோடு பார்க்கிறார்கள். அருள் பிரகாஷ் போனை உயர்த்திப் படம் எடுக்கிறான். லாவண்யா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவுக்கும் தெரியும்.

வேண்டாம் என்று சொல்லுடா, தேங்காயைக் கீழே வை என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவன் ஒருதடவை என்னைப் பார்த்தான். பிறகு வாங்கி உடைத்தான். சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

குழு அரைமணி நேரம் இருந்துவிட்டு, ரொம்பத் திருப்தி என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனது. போர் வண்டி போகவில்லை. இரும்புக் கம்பியை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிக்கொண்டே இருந்தது. காற்று அடித்து வெளியே தள்ளியதெல்லாம் சாம்பல் நிறத் தூள்தான். சுற்றி நின்ற எல்லோர் தலையும் நரைத்துப்போனது. ஐந்நூறு அடி தாண்டியபோது வண்டிக்காரர் நிறுத்தலாமா என்று கேட்டார். பெனடிக்ட் ஓடிப்போய், நிறுத்துங்கண்ணே, போதும் என்றான். இன்னும் கொஞ்சம் போகட்டும் சார், நீங்க சொன்னது பொய்க்காது என்று நல்லுசாமி அவனையே தேற்றினார். மாட்டுக் காசு முழுக்கக் குழிக்குள் இறங்குகிற வரைக்கும் ஓட்டினார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் தூள் கொஞ்சம் ஈரமாக வந்தது. நல்லுசாமி ஓடிப்போய் ஒரு பிடி அள்ளி நாக்கில் வைத்தார். வைத்துவிட்டுத் துப்பினார். உப்பு.

யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாதது. பூமிக்குள்ள இருக்கறதை யாரு கண்டா, சாரு என்ன பண்ணுவாரு, நம்ம நேரம் என்று நல்லுசாமியே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பெனடிக்ட் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

ஒரு வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. திட்டம் தப்பித்துவிட்டது, முழு ஆழம் போகலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. கறுப்பு அடுக்கும் வந்துவிட்டது. லாவண்யா போனில் அழுதுவிட்டாராம். அந்தச் செய்தியை ஷாலினி எனக்குச் சொன்னபோது அவன் உள்ளே சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தானாம். நான் போய் எழுப்பினேன். அட்டையைக் கழற்றி வை, வண்டியில் ஏறு என்றேன். மறுபேச்சு பேசாமல் ஏறினான்.

நல்லுசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணம்மாள் காலியான மாட்டுக் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம்தான், கூட்ட அங்கே ஒன்றும் இல்லை. பெனடிக்ட் உட்காரவில்லை. தண்ணீர் இல்லை என்று தனக்கு முதலிலிருந்தே தெரியும் என்றான். வேலை பாதியில் நின்றுபோகும் என்று பயந்து மறைத்தேன் என்றான். குழாயில் கொட்டியது லாரித் தண்ணீர் என்பதையும் சொன்னான். ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை, ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட இல்லை. நல்லுசாமி கேட்டு முடித்துவிட்டு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்க்காமலே வெளியே நடந்து போனார்.

கிருஷ்ணம்மாள் விளக்குமாறோடு வந்து எதிரே நின்றாள். அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் அவன் வாங்கிக்கொண்டிருப்பான், நானும் தடுத்திருக்கமாட்டேன்.

“அப்படி என்னத்தத்தான் சார் கண்டீங்க அந்த ஓட்டையில?” என்று கேட்டாள்.

 அவன் சொன்னான். ஒரு காலத்தில் பூமி ரொம்பச் சூடாகிவிட்டது. இங்கே இருந்த கடலுக்கு மூச்சு முட்டியது. அதில் இருந்த சின்னதும் பெரியதுமான உயிரெல்லாம் செத்து அடியில் படிந்தது. அந்தச் சாவு மொத்தமும் இன்றைக்கு ஒரு சாண் கறுப்புக் கல்லாக இருக்கிறது. அதை நாங்கள் கையில் எடுத்துப் பார்த்தோம். அதற்கு மேலே உள்ள கல்லில் ஒன்றுமே இல்லை, வெறும் மண். இன்னும் மேலே வந்தால் கடுகுபோல ஒரு கிளிஞ்சல். அப்புறம் இரண்டு. இப்போதும் பூமி சூடாகிக்கொண்டு வருகிறது, அன்றைக்கு எவ்வளவு சூட்டில் அது நடந்தது என்று அந்தக் கல் சொல்லும். இவ்வளவுதான் அக்கா என்றான்.

அவள் விளக்குமாறைச் சுவரில் சாத்தினாள்.

“திரும்ப வந்துச்சா அதுங்க எல்லாம்?”

“எல்லாம் வரல. கொஞ்சம் வந்துச்சு. ரொம்ப காலம் ஆச்சு.”

அவள் வேலிப் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, அது மாட்டுக்கா கடலுக்கா என்று எனக்குத் தெரியாது.

“நல்லாத்தானே இருக்கு சார் இது. இதுக்குப் போயி ஏன் பொய் சொன்னீங்க?”

 திரும்பும்போது பெனடிக்ட் வழியெல்லாம் என் முதுகில் நெற்றியை வைத்து அழுதுகொண்டே வந்தான்.

மறுநாளே வேலையை எழுதிக்கொடுத்துவிட்டான். லாவண்யா வீட்டுக்கே வந்து கூப்பிட்டுப் பார்த்தார், போகவில்லை. இப்போது என் கடையில்தான் ஃப்ளெக்ஸ் வெட்டுகிறான். மாட்டுக் காசை அடைக்க, பிறகு அவர்களோடு பேசி வைத்தபடி மாதாமாதம் கொஞ்சம் நல்லுசாமி வீட்டுக்குக் கொடுக்கிறான். அந்த வீட்டில் டீ கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். களர்மேட்டில் எதிரே வருகிறவர்கள் கும்பிடுகிறார்கள், மழை வெயில் பேசுகிறார்கள், ஷாலினி எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்கிறார்கள். போன மாதம் அதே ஊரில் இரண்டு பேர் போர் போட்டார்கள். அவன் அந்த வழியாகத்தான் அன்று நடந்து போனான். நில்லுங்க சார், ஒன்று கேட்கவேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.